மரகதம் சிஸ்டர் பார்த்த இடது கால்

மரகதம் சிஸ்டர் காலமாகிவிட்டார் என்று என் விஜயநகர் வீட்டுக்குப் போன் செய்து சொன்னவர் ருக்குமணி. தேவராஜ மார்க்கெட்டில் கீரை விற்பவர், ஒருகாலத்தில் எங்கள் நோயாளி. “சிஸ்டர் ஊருக்கு, கொள்ளேகாலுக்குக் கிளம்பிட்டேன் டாக்டர். என் காலைக் காப்பாத்துன ரெண்டு பேர்ல ஒருத்தங்க போயிட்டாங்க” என்றார். இன்னொருவர் நானாம்.

தேவராஜ மொஹல்லாவில் நான் நடத்திய கிளினிக்கில் சிஸ்டர் பதினாறு வருஷம் நர்ஸாக இருந்தார். சந்தை ஆட்கள் நின்றே பிழைக்கிறவர்கள், கால் வலியோடுதான் வருவார்கள். நான் பேனாவைத் தேடுவதற்குள் அவர் புறங்கையை வைத்துப் பார்த்திருப்பார். ஒரு மூட்டை தூக்குபவரின் காலில் இருந்த சிவந்த தடிப்பைப் பூச்சிக்கடி என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். “ஒரு கால்ல மட்டும் பரவுது, கொதிக்குதுங்க சார். காய்ச்சலும் இருக்குது” என்று தெர்மாமீட்டரை நீட்டினார். சீட்டைக் கிழித்துவிட்டு, கிருமித் தொற்றுக்கு மருந்து எழுதினேன். அன்றைக்கு இருவரும் சிரித்துக்கொண்டோம்.

ருக்குமணி விஷயத்தில் சிரிக்க முடியாது. காலின் முன்பக்கம் சிவந்து, தொட்டால் வலிக்கும் கட்டிகள். நாற்காலியில் உட்கார்ந்தபடி புடவையை நான்கு விரல் தூக்கிக் காட்டினார். அதற்குமேல் கேட்க எனக்குக் கூச்சம். தொண்டைவலிக்குப் பிறகு வருகிற கட்டி, தானே வடிந்துவிடும் என்று மாத்திரை கொடுத்தேன். இரண்டாம் முறை வந்தபோதும் அதையே கொடுத்தேன். மூன்றாம் முறை சிஸ்டர் அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்க் குப்புறப் படுக்கவைத்தார்.

“சார், கெண்டைக்கால்லதான் ஜாஸ்திங்க. ஒண்ணு ஒடஞ்சு புண்ணாயிருக்குது, பக்கத்துல பழைய தழும்பு. நீங்க சொல்ற கட்டி ஒடையாதுங்களே?”

உடையாதுதான். பின்பக்கம் வந்து, உடைந்து, திரும்பத் திரும்ப வந்தால் உடம்பில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடவேண்டும். திரைக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்காமல், இருந்த இடத்திலிருந்தே சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க எழுதிக் கொடுத்தேன். காசநோய்தான். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு ருக்குமணி தேறினார்.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். மருத்துவக் கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேறி நான்தான் சொல்லியிருக்கிறேனே! “சந்தேகம் வந்தது, குப்புறப் படுக்கச் சொன்னேன்” என்று. சந்தேகம் வந்தது அவருக்கு, படுக்கச் சொன்னது அவர். முதல் தடவை வாய்தவறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மற்ற தடவைகளுக்கு என்ன சாக்கு? கைதட்டல் ருசித்தது, அவ்வளவுதான். எழுதவே கூசுகிறது.

ஒருமுறை கடைசி வரிசையில் சிஸ்டரும் இருந்தார். முடிந்ததும் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். காபியை என் கையில் கொடுத்து, “புண்ணு வலது கால்லன்னு சொல்லிட்டீங்க சார். இடது காலுங்க” என்றார். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் காலை மட்டும் திருத்திக்கொண்டேன்.

கொள்ளேகாலில் அவரை எடுத்துச் சென்ற பிறகு ருக்குமணியிடம் சொன்னேன்: “உங்க காலைக் காப்பாத்தினது ரெண்டு பேர் இல்லம்மா, ஒருத்தர்தான்.”

“ஹௌது, ஆமா டாக்டர், எனக்குத் தெரியுமே. குப்புறப் படுத்திருந்தது நான்தானே” என்றார்.

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு திருத்தத்தை. இடது கால். பார்த்தவர் மரகதம் சிஸ்டர்.