பின் சீட்டு மட்டும் புத்தம் புதிது

நான் கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்கு வந்த புதிது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ இருக்கும். என் கணவர் வீட்டில் புளி மண்டி வைத்திருந்தார்கள். தொழிலில் அவர் கெட்டிக்காரர். ஆனால் மோட்டார் என்று வந்துவிட்டால் மனிதர் சின்னப் பிள்ளைதான். ரோட்டில் நல்ல கார் ஒன்று போனால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, அது மறையும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். எதிரே நான் நின்றாலும் அதே கதிதான்.

ஒருநாள் புளி லோடோடு பெங்களூர் தண்டுக்கு, அதாவது கன்டோன்மென்ட் பக்கம், போனவர், திரும்பி வரும்போது காரில் வந்து இறங்கினார். கறுப்பு வண்டி, படகு மாதிரி நீளம், எட்டு சிலிண்டர். ஜமீன்தார் வீட்டில் ஓடியது என்று தரகர் சொன்னாராம். மைல் மீட்டரைப் பார்த்தேன். ஒரு லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஜமீன்தாரு அப்படி எங்கதான் போய்ட்டு வந்தாரு?" என்று கேட்டேன்.

"உனக்கு என்னா தெரியும்? ஓடுன வண்டிதான் நல்ல வண்டி. பின் சீட்டப் பாரு, ஒரு கீறல் இருக்குதா?"

இல்லைதான். டிரைவர் சீட்டு தேய்ந்து பஞ்சு தெரிந்தது. பின் சீட்டோ நேற்றுத் தைத்ததுபோல் பளபளத்தது. சீமைத் தோல் என்று சொல்லி, தினமும் அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். என் தலைக்கு எண்ணெய் இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வண்டியின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் ரேஸ் வண்டிக்கு அழகு என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

அந்த வண்டியில் போனால் கிடைத்த மரியாதை இருக்கிறதே! குந்தாரப்பள்ளிச் சந்தைப் பக்கம் போனால் மாட்டை ஒதுக்கி வழிவிடுவார்கள். சூளகிரி அருகே முன்பின் தெரியாத ஆட்கள் எழுந்து நின்று சலாம் வைப்பார்கள். வண்டி வாங்கிய அன்று எல்லைச் சாவடியில் நிறுத்தக்கூட இல்லையாம், தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்களாம். நம் மண்டிக்கு இவ்வளவு பேரா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெரிய மனுஷிபோல் தலையசைப்பேன்.

வாங்கிக் கொஞ்ச நாள் கழித்து, அவருடைய அம்மாவான மாமியையும் அழைத்துக்கொண்டு பெங்களூரில் என் அக்கா வீட்டுக்குப் போய்வந்தோம். பகல் சாப்பாடு முடித்துத் திரும்பும்போது, சாய்மானம் முதுகைத் தள்ளுகிறது என்று மாமி வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். ஓசூருக்கு முன்னால் சாவடி வந்தது. இந்தத் தடவை கட்டை தூக்கப்படவில்லை. ரோட்டின் குறுக்கே ஆணி அடித்த பலகை கிடந்தது. வண்டி நின்றதும் தடியோடு போலீஸ்காரர்கள் நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள்.

என் கணவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். மாமியையும் என்னையும் இறங்கச் சொன்னார் புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர். ஒரு போலீஸ்காரர் கத்தியை எடுத்துப் பின் சீட்டின் சாய்மானத்தை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகக் கிழித்தார். உள்ளே பஞ்சு இல்லை. சீட்டின் அகலத்துக்கு ஒரு தகர டாங்கி! மூடியைத் திருகியதும் அடித்த வாடையில் மாமி "யா அல்லா!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தொழுகை தவறாத மனுஷி, அன்றுவரை சாராய டாங்கியில் சாய்ந்துகொண்டுதான் தஸ்பீஹ் மணி உருட்டியிருக்கிறார்.

அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப்புறம், மைசூர் ராஜ்யத்தில் கடைகள் திறந்திருக்கும். டாங்கியின் அடியில் மிச்சம் கொஞ்சம் தளும்பியது. "இதுவே போதும், உள்ள தள்ள" என்றார் இன்ஸ்பெக்டர். என் கணவரின் தோளில் கிடந்த துண்டாலேயே அவர் கைகளைக் கட்டினார்கள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னேன். தண்டு, தரகர், புளி மண்டி, அக்கா வீடு, எல்லாம். குர்ஆன் மேல் சத்தியம் செய்தேன். இன்ஸ்பெக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தப் பசங்க எல்லாருமே பொம்பளைங்களத்தான் முன்னால விடுவானுங்க" என்றார்.

அதற்குள் போலீஸ்காரர் சீட்டின் அடிப்பாகத்தையும் கிழிக்கக் குனிந்தார். அவ்வளவுதான், என் கணவர் கட்டிய கையோடு பாய்ந்து சீட்டின் மேல் குப்புற விழுந்தார்.

"ஐயா, கிழிக்காதீங்கய்யா! காலையிலதான் எண்ணெ போட்டேன்!"

அவரைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டார்கள். விழுந்த இடத்திலிருந்து வண்டியின் அடிப்பாகம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. எழுந்திருப்பார் என்று பார்த்தால், இன்னும் உள்ளே ஊர்ந்து போனார்.

"அடப்பாவி! லாரி ஸ்பிரிங்க மாட்டி வச்சிருக்கானே! அதான் பின்னாடி தூக்குது! ஐயா, நீங்களே குனிஞ்சு பாருங்க, இப்பேர்ப்பட்ட வண்டிக்கு எவனாவது லாரிப் பட்டை போடுவானா? அந்தத் தரகன சும்மா வுடாதீங்கய்யா!"

தன்னைத்தான் ஜெயிலுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. இந்த மனிதருக்கு இந்த நேரத்திலா இந்தப் புத்தி?

இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே குனிந்து பார்த்தார். பிறகு என் கணவரின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "கட்ட அவுத்து வுடுய்யா. சரக்கு ஏத்துறவனுக்கு இது இப்பத்தான் தெரியுமா?" என்றார்.

அதன்பிறகுதான் எல்லாம் சொன்னார். பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவில் சாராயம் கடத்திய வண்டி அது. போலீஸ் ஜீப்பு அதை ஒருநாளும் எட்டிப் பிடித்ததில்லை. மைல் மீட்டர் ஏன் அப்படி ஏறியிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

"வழியில எவனாவது சலாம் வெச்சானாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தரகரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வண்டியைச் சாவடியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் மூவரும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். மாமி முந்தானையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். இவர் மட்டும் கிழிந்த சீட்டை நினைத்து நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ அவர் மணிக்கட்டில் சிவந்து கிடந்த தடம்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

அன்று உண்மையை ஒழுங்காக, கோர்வையாகச் சொன்னவள் நான். என்னை ஒருவரும் நம்பவில்லை. அவர் மட்டும் மற்றவர்களைப்போலக் கொஞ்சம் விவரமாக, வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போயிருப்பார்.