அந்தோணி அண்ணனின் இடது கை

விழுப்புரத்தில் நான் விளையாட்டுச் சாமான் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. பின்னறையில் மூன்று கேரம் போர்டுகள். சாயங்காலமானால் அதுதான் கிளப். இப்போது புதிதாக கிளப் தொடங்குகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன்.

கெடாரிலிருந்து பஸ் ஏறி வருவார் கொத்தனார் அந்தோணி அண்ணன். சிமெண்ட் அரித்த விரல்கள். ஸ்ட்ரைக்கரில் வைத்துவிட்டால் அவ்வளவு மென்மை. சிவப்புக் காயைப் போட்டு, அடுத்த அடியிலேயே அதை உறுதியாக்கும் ஃபாலோ காயையும் போடுவார். தவறினால் முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

திடீரென்று பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நான்கு மாதம் கழித்து, மனைவி மேரி அக்கா கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"லெப்ட்ல ஆடுறேன் சேகரு. இப்பதான் கத்துக்கினு இருக்கேன்" என்றார்.

முதல் அடி எதிர்ப்பக்கம் வரைகூடப் போகவில்லை. எனக்குத் தாங்கவில்லை. எதிரே ஆட இருந்த கதிரைத் தனியே கூப்பிட்டேன். ரயில்வேயில் வேலை பார்ப்பவன், எங்கள் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரன்.

"கொஞ்சம் வுட்டுக்குடுத்து ஆடுப்பா. மனுசன் சந்தோசமா வூட்டுக்குப் போவட்டும்."

"அவுருக்குத் தெரிஞ்சிடும்ணா."

"தெரியாது. நீ ஆடு."

பாக்கெட் வாயில் நின்ற காயைக் கதிர் மூன்று முறை தவறவிட்டான். அண்ணன் ஸ்ட்ரைக்கரைப் போர்டின் நடுவில் வைத்தார்.

"கதிரு, இந்தக் காய நீ கண்ண மூடிக்கினே போடுவ. யாரு சொன்னது?"

கதிர் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கைதான் போச்சு சேகரு. கண்ணு நல்லாத்தான் இருக்குது."

அதன்பிறகு அவர் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன். "வர்றேன்பா" என்று வைத்துவிட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்க வெட்கம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். எட்டு மாதத்தில் மறுபடியும் பக்கவாதம் வந்தது. சாவுக்குத்தான் கெடாருக்குப் போனேன்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கேரம் போர்டு இருந்தது. தரையெல்லாம் பவுடர். மேரி அக்கா மெதுவாகச் சொன்னார்:

"காத்தால கஞ்சி குடிச்சிட்டு ஒக்காந்தாருன்னா மதியம் வரைக்கும் இதே வேலதான். ஒரு நாளு லெப்ட்லயே நிறுத்தாம ஏழு காய் போட்டாரு. சேகருகிட்ட சொல்லட்டான்னு கேட்டேன். 'அவனே வந்து கூப்புடட்டும், கதிரோட நெசமா ஒரு ஆட்டம் ஆடணும்'னாரு. வாசல்ல பைக்கு சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாரு."



எதிரே உட்கார்ந்தவரிடம் முழு ஆட்டம் ஆட வேண்டும். அவர்மேல் இரக்கம் இருந்தால், அதை அவர் வீட்டுக்குப் போய்க் காட்ட வேண்டும். நான் இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டேன்.