அண்ணன் புளிக்கப் போட்ட கொக்கோ

அண்ணா, நீ சாவதற்கு முதல் நாள் புளிக்கப் போட்ட கொக்கோ விதை தோப்பில் மரப்பெட்டியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் கிளறாவிட்டால் கெட்டுவிடும் என்று நீதான் சொல்லியிருந்தாய். கருமாதி முடியும்வரை யாரும் தோப்புக்குப் போகக் கூடாது என்று சித்தப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

காட்டை ஒட்டிய மரங்களை வெட்டாதவர்களிடம்தான் அந்தச் சாக்லேட் கம்பெனி விதை வாங்கும். அதனால்தான் நீ ஒரு மரத்தையும் தொடவிடவில்லை. இந்த விதை கெட்டால் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள். மரங்களை வெட்டிவிட்டுக் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, நடலாம் என்று சித்தப்பா அதற்குள் ஆள் பேசிவிட்டார்.

நான் எழுந்தேன்.

"ஏஞ்சாமி, தீட்டோட எங்க போற?"

"பெட்டியக் கிளறப் போறேனுங்க."

"செத்தவன் வந்து சாக்லேட் கேட்டானா?"

"தீட்டு எனக்குத்தானுங்க சித்தப்பா, வெதைக்கு இல்லீங்க."

அவர் கத்தக் கத்த நடந்தேன். பெட்டிக்குள் கையை விட்டதும் புளிக்கிற சூடு சுட்டது. கடைசியாகத் தொட்டபோது உன் கை சில்லென்று இருந்தது. அழுதுகொண்டே அடி விதையை மேலே கொண்டுவந்தேன்.

விதை காய்ந்ததும் கம்பெனிக்காரர் வந்தார். ஒவ்வொன்றாகக் கத்தியால் வெட்டிப் பார்த்தார்.

"உள்ள நல்ல பழுப்புங்க, சரியாப் புளிச்சிருக்கு. அடுத்த தடவையும் எடுத்துக்கறோம்."

சித்தப்பா மரம் வெட்டுகிறவருக்குப் போன் போட்டார். "வர வேண்டாம்" என்றார்.

உன் மரங்கள் நிற்கின்றன அண்ணா. இதை வாசிக்கிற எல்லாரும் எங்கள் அண்ணனுக்காக ஒரு நிமிடம் சாமி கும்பிடுங்கள்.