மூலையில் விரித்த பாய்

தையல் ஆலைக்குப் பின்னால் இருந்த குழந்தைகள் காப்பகத்து ஆயாவுக்குத் தாய்மார்கள் வைத்த பெயர் பளிச்சக்கா. தரையில் ஒரு தூசி கிடக்கப் பொறுக்கமாட்டாள். இடுப்பில் எந்நேரமும் ஓர் ஈரத்துணி செருகியிருக்கும். ஒரு குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு வந்தால் கையை அதில் அழுத்தி ஒரு துடை. உடனே அடுத்த குழந்தைக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்துவிடுவாள்.

"நம்ம அக்கா இருக்கிற இடத்துல ஈகூட அனுமதி கேட்டுட்டுத்தான் வரும்" என்று தாய்மார்கள் கிண்டலடிப்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அப்படிப்பட்ட இடத்தில்தான் குழந்தைகளுக்கு ஒவ்வொருவராக வயிற்றால் போக ஆரம்பித்தது. வயிறு உப்பிக்கொண்டது. எண்ணெய்ப் பசையோடு, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு போனது. இரண்டொரு நாள் நிற்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். குழந்தைகளின் கன்னமெல்லாம் ஒட்டிப்போயிற்று.

பளிச்சக்காவின் கண், ஆலையில் பொத்தான் தைக்கும் ஒருத்தியின் மகன்மேல் விழுந்தது. புதிதாகச் சேர்ந்தவன், நோஞ்சான்.

"இவன் வந்ததுலேருந்துதான் இந்தக் கூத்து. வீட்டுல என்ன சுத்தமோ!" என்று மற்ற தாய்மார்கள் முன்னால், அவன் அம்மாவின் காதுபடவே சொன்னாள். அவனுக்கு மட்டும் மூலையில் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். ஊட்டியும் விடவில்லை, அவனே அள்ளி, பாதியை இறைத்து, மீதியைத் தின்றான். வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று அந்தத் தாய் வாய் திறக்கவில்லை.

ஆலைக்கு வந்துபோகும் டாக்டரம்மா குழந்தைகளோடு ஆயாவுக்கும் மலப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார்.

"எனக்கெதுக்கு டாக்டர்? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"இருக்கட்டும், பார்த்துடுவோம்."

முடிவு வந்ததும் டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஜியார்டியான்னு ஒரு ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. உங்க வயித்துலயும் இருக்கு. சிலருக்கு ஒரு தொந்தரவும் தராது. ஆனா கை வழியா குழந்தைங்க வாய்க்குப் போயிடும்."

"நான்தான் ஓயாம கை துடைக்கிறேனே!"

"துடைக்கிறீங்க, கழுவலையே. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில கழுவணும். யார்கிட்ட ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த ஈரத்துணி அதை எல்லாருக்கும் கொண்டுபோயிருக்கும்."

"அந்தப் புதுப் பையனுக்கு?"

"அவனுக்கு ஒண்ணுமே இல்ல. தனியா உக்காந்து தன் கையால சாப்பிட்டான்ல, அதனாலகூடத் தப்பிச்சிருக்கலாம்."

பளிச்சக்காவுக்குக் காது மடல் சுட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. துணியை உருவிக் குப்பையில் போட்டாள். பிறகு, சக தொழிலாளிகள் பார்த்துக்கொண்டிருக்கவே, பொத்தான் தைக்கும் மேசைமுன் போய் நின்றாள்.

"உன் புள்ளமேல ஒரு குத்தமும் இல்லம்மா. என் கைதான் அழுக்கு. எல்லார் முன்னாடியும் உன்னைக் கேவலப்படுத்திட்டேன்."

அந்தத் தாய் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுலயும் மூலையிலதான் போய் உக்காந்து சாப்பிடுறான்க்கா. கூப்பிட்டா வரமாட்டேங்குறான். அதுக்கு ஏதாவது மருந்து இருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"



மருந்தில் குழந்தைகள் தேறினார்கள். அவளும் மருந்து சாப்பிட்டாள். குழாயடியில் சோப்பு வந்தது. அந்தப் பாயை எடுத்து மற்றவர்களின் நடுவில் விரித்தாள். பையன் கொஞ்ச நாளில் அங்கே உட்காரப் பழகினான், சிரிக்கவும் சிரித்தான். ஆனால் அவள் கழுவிய கையோடு சோற்றை நீட்டினால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வான். அவளும் வற்புறுத்தவில்லை. தட்டை அவன் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.