கம்பிக்கு இந்தப் பக்கம்

பத்தாம் வகுப்பில் தவறியபின் கடிதமும் மளிகைச் சீட்டும் தவிர வேறெதுவும் எழுதாதவள் நான். இப்படி எழுத உட்கார்ந்தது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகப் படுகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் சித்தியின் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தபோது என்னிடம் ஒன்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில், லண்டனிலிருந்து சித்தி தன் ஐந்து வயது மகனோடு, அதாவது என் தம்பியோடு, தென்காசியில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். குற்றாலத்தில் சீசன், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவாள் என்றார்கள். சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் வந்தது. சித்தி போகவில்லை. சித்தப்பாவுக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை, அவரிடம் சொல்லாமலே பிள்ளையோடு கிளம்பி வந்துவிட்டாள் என்பது கதவுக்குப் பின்னால் நின்று நான் தெரிந்துகொண்டது. அந்த ஊர்க் கோர்ட்டு, பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டிருந்தது. இங்குள்ள கோர்ட்டு அதை அப்படியே ஏற்காமல், தானே விசாரித்து முடிவு சொல்வதாகச் சொன்னது. அதுவரை பிள்ளை தாயிடம். தம்பியின் பாஸ்போர்ட் எங்கள் வீட்டு உளுந்து டப்பாவுக்குள் இருந்தது. தோசைக்கு ஊறப்போடும்போதெல்லாம் அம்மா அதை எடுத்துத் தட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பாள்.

சித்தப்பா வழக்குக்காக வந்தார். எங்கள் பக்கத்து ராயகிரிதான் அவருக்குச் சொந்த ஊர். பிள்ளையோடு அருவியில் குளிக்க வேண்டும் என்று கேட்டாராம். வக்கீல்கள் இருவரும் பேசிக் கோர்ட்டில் அனுமதி வாங்கினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து மதியம் வரை, எங்கள் வீட்டார் கூடவே இருக்க வேண்டும். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார் என்று சித்திக்குப் பயம். போன வருஷம் தான் செய்ததை இந்த வருஷம் அவர் செய்வார் என்று நினைத்தாள். எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள்.

"அவன் கைய விட்டுராதட்டி. என்ன ஆனாலும் விடாத."

அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவே இரும்புக் கம்பி. அத்தனை பேச்சிலும் வக்கீல்கள் இதை யோசிக்கவில்லை. ஆண்கள் பக்கத்தை அப்பா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

சித்தப்பா ஒரு பாறையில் உட்கார்ந்து தம்பிக்கு உச்சியிலிருந்து பாதம்வரை எண்ணெய் தேய்த்துவிட்டார். அவர் இங்கிலீஷில் கேட்கக் கேட்க, தம்பி எங்கள் தெருத் தமிழிலேயே பதில் சொன்னான். "அங்கன போவோம்ப்பா. அங்கனதான் தண்ணி நல்லா அடிக்குது." சித்தப்பா கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பிவரை தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அதற்கு அப்பால் ஈரத்துண்டும் கோவணமுமாக ஆம்பளைகள். கூச்சத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. சித்தி துணிப்பைகளோடு பின்னால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"விடு தாயி. குளிச்சிட்டு இந்தா வந்துருதோம்" என்றார் சித்தப்பா. அதட்டவில்லை. நான் விட்டேன். தம்பியின் கை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, ஆனால் வழுக்கிப் போகவில்லை. நானாகத்தான் விட்டேன்.

சித்தி வந்து, "பிள்ள எங்கட்டி?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்தது இதுதான்: "சித்தப்பா பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

சித்தி கம்பியைத் தாண்டி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அப்பா ஒரு கல்லில் குப்புறப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் மசாஜுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "காவலுக்கு வந்த லச்சணமா அத்தான் இது?" என்றாள் சித்தி. நான் சொன்னதையும் சொன்னாள். அப்பா எழுந்து உட்கார்ந்து, "ஆமா, நானும் பாத்தேன். எந்திரிக்கதுக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டாரு" என்றார். குப்புறக் கிடந்தவர் எப்படிப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கால்மணி நேரம் சித்தி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீருக்குள் எல்லாத் தலைகளும் ஒன்றுபோல இருந்தன. பாஸ்போர்ட் உளுந்துக்குள் கிடப்பது எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பிறகு அவர்கள் வந்தார்கள். தம்பி சித்தப்பாவின் தோளில் இருந்தான். உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுக்கச் சிரித்தான். சித்தப்பா தலையைத் துவட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து மாட்டினார். கை முழங்கையோடு நின்றுவிட்டது. "வளந்துட்டானே" என்று மட்டும் சொல்லி, கழற்றி மடித்து மறுபடி பைக்குள் வைத்தார். சித்தி பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் எங்கள் வக்கீல் வீட்டுக்கு வந்தார். பயப்படாமல் நடந்ததைச் சொல் என்றார். அதே வரியைச் சொன்னேன். இரண்டாம் தடவை சுலபமாக வந்தது. அவர் எழுதிக்கொண்டார். நான் சொல்லி ஒரு பெரிய மனுஷர் எழுதுகிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்த அனுமதியைக் கோர்ட்டு ரத்து செய்தது. சித்தப்பா தனியாக விமானம் ஏறினார். வாய்தா மேல் வாய்தாவாகப் போன வழக்கு, பிள்ளை தாயிடமே இருக்கட்டும் என்று முடிந்தது. தம்பி தன் அப்பாவை மறுபடி பார்த்தபோது அவனுக்கு மீசை முளைத்திருந்தது.

போன மாதம் தம்பி, சித்தியின் பெட்டியிலிருந்த பழைய காகிதங்களை எடுத்துப் படித்துவிட்டுத்தான் கேட்டான். "அன்னைக்கு அப்பா என்னப் பிடுங்கிட்டா போனாங்க, அக்கா? நீ சொன்னதா இதுல போட்டிருக்கே."

இல்லை தம்பி. நான்தான் விட்டேன். உன் அப்பா சொன்னபடியே உன்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தி என்னை அடிக்கவில்லை என்பதுதான். என் வாயிலிருந்து போன வரி எங்கே போகிறது என்று தெரியாது.

அருவிக்குப் போய்வந்த மறுநாள் அப்பா வக்கீல் ஆபீசுக்குப் போய், நான் சொன்னதையும் தான் பார்த்ததாகச் சொன்னதையும் டைப் அடித்திருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வரும்போது மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தார். எனக்கு நாலு, தம்பிக்கு நாலு.