மொட்டை மாடியில் காய்ந்த நெகடிவ்

சுருளைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது பிலிம் ஊதாவாக இருந்தது. கறுப்பு வெள்ளை பிலிமில் மெல்லிய ஊதாச் சாயல் தங்குவது எனக்குப் புதிதல்ல. பல வருடங்களாக எங்கள் குளியலறையில் நானே பிலிம் கழுவுகிறேன். ஆனால் இத்தனை அடர்த்தியாக வந்ததில்லை. இந்தச் சுருளில் வந்திருக்கவே கூடாது.

இதில் இருந்தது என் மனைவி. திங்கட்கிழமை சேலத்தில் அறுவை செய்து அவளுடைய இடது மார்பை எடுக்கவிருந்தார்கள். ஞாயிறு மாலை நாங்கள் கிளம்ப வேண்டியிருந்தது. அதற்கு முன் தன் உடம்பை ஒரு முறை படம் எடுத்துத் தரும்படி அவள்தான் கேட்டாள்.

"போன்ல வேண்டாங்க. அது எடுத்த ஒடனே எங்கெங்கயோ போயி உக்காந்துக்குது. போன தடவ நான் தூங்கறத எடுத்தீங்க, பையன் பெங்களூர்ல இருந்து சிரிச்சான். உங்க பழைய பெட்டியில எடுங்க. அதுக்குத்தான் எந்தக் கனெக்சனும் இல்ல."

சனிக்கிழமை காலை கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் திரை வழியாக வந்த வெளிச்சத்தில் எடுத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு என்னைப் பார்த்தாள். முடிந்ததும் சேலையைச் சுற்றிக்கொண்டு, "இன்னொரு தடவ நிக்கச் சொல்லாதீங்க" என்றாள். சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அதனால்தான் அந்த ஊதா என்னை அப்படிப் பயமுறுத்தியது. அது இரண்டு காரணங்களால் வரலாம். பிலிமிலேயே ஒரு சாயம் பூசியிருப்பார்கள். அது முழுதாகக் கழுவப்படாமல் தங்கியிருந்தால் பாதகமில்லை. ஆனால் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசல் வலுவிழந்திருந்தால் வெளிச்சம் படாத வெள்ளி உப்பும் உள்ளேயே தங்கியிருக்கும். அப்படியென்றால் நாளாக நாளாகப் படம் கறுத்து, ஒன்றுமில்லாமல் போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் ஹைப்போ பழையது. இன்னும் கலக்காத ஹைப்போ பாட்டிலின் அடியில் ஒரே ஒரு முறைக்கு மட்டும் மீதி இருந்தது. அதைக் கலந்தேன். மாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் கை வைக்க முடியாத சூடு. அதில் போட்டால் பிலிமின் மேல்படலம் இளகி உரிந்துவிடும். போர் தண்ணீரோ காய்ந்தபின் வெள்ளைத் திட்டுகளை விட்டுவிடும். குடிக்கக் குழாயில் பிடித்து, பானையில் குளிர்ந்திருந்த ஒகேனக்கல் தண்ணீர் முழுவதையும் எடுத்துக்கொண்டேன்.

"குடிக்க?" என்றாள்.

"கேன் சொல்லியிருக்கறேன்."

"நாளைக்கு ஆஸ்பத்திரி போறவளுக்குத் தண்ணி இல்ல, பிலிமுக்கு இருக்குது." கோபமில்லை. கரண்டியால் பானையின் அடித் தண்ணீரை வழித்து ஊற்றியதும் அவள்தான்.

மறுபடி ஹைப்போவில் ஊறவைத்துப் பலமுறை அலசினேன். ஊதா குறைந்து இளஞ்சிவப்பாயிற்று. அதற்கு மேல் போகவில்லை. மீதிச் சாயத்தை வெயில் வெளுக்கும் என்று அறிவேன். ஆனால் உப்பு தங்கியிருந்தால் அதே வெயில் அதைக் கறுப்பாக்கிவிடும். வெயிலில் போட்டால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

ஞாயிறு காலை, சுருளின் தொடக்கத்தில் படமில்லாத துண்டை வெட்டி வெயிலில் வைத்தேன். சிவப்பு வெளிறியது, கறுக்கவில்லை. இருந்தாலும் அது சுருளின் ஒரு முனை. உள்சுற்றுகளில் கரைசல் சரியாகப் போயிருந்ததா என்பதை இந்தத் துண்டு சொல்லாது.

எங்கள் வீட்டு ஜன்னல்களில் நேர் வெயில் விழாது, இருபுறமும் சுவர்கள். மொட்டை மாடிதான் வழி. அது பக்கத்துப் போர்ஷன்காரர்களுக்கும் பொது. அன்றைக்கு அவர்கள் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள்.

"போடுங்க," என்றாள் மனைவி. "பக்கத்துலயே நில்லுங்க."

கொடியில் கிளிப் போட்டு, கீழ்முனையில் இன்னொரு கிளிப்பைக் கனத்துக்கு மாட்டித் தொங்கவிட்டேன். நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் புழுதி வருகிறதா என்று பார்த்தேன். சிவப்பு மேலிருந்து மெல்ல இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு படக் கட்டத்திலும் கறுப்பு பரவுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது படியில் கொலுசுச் சத்தம்.

பக்கத்துப் போர்ஷன் பெண், மிளகாயைக் கிளறிவிட வந்தவள்.

"என்னண்ணா, வெயில்ல நின்னு காவல் காக்கறீங்க? என்னது, எக்ஸ்ரேவா?"

"பிலிம்மா. பழைய காலத்து பிலிமு."

"கல்யாணப் போட்டோவா? குடுங்க பாக்கலாம்." மிளகாய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். நான் நடுவில் போய் நின்றேன். காற்றில் பிலிம் என் தோளுக்கு அப்பால் திரும்பியது. வானத்துக்கு எதிரே எல்லாம் தெளிவாகத் தெரியும்.

அவள் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

அதற்குள் என் மனைவி மூச்சு வாங்க மேலே வந்திருந்தாள். "எக்ஸ்ரே இல்ல பாப்பா. நான்தான்," என்றாள். "நாளைக்கு ஒரு பக்கம் எடுத்துடறாங்க. அதான்."

கட்டி என்று மட்டும்தான் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தோம். அந்தப் பெண் திரும்பி மிளகாய்ப் பக்கம் போனாள். கீழேயிருந்து அவள் மாமியாரின் குரல் வந்தது: "மொளகாய நானும் வந்து கிளறட்டுமா?"

"வராதீங்க அத்த. தரை கொதிக்குது, கால் வெந்துடும். நானே பாத்துக்கறேன்."

மிளகாயைக் கிளறி முடித்தும் அவள் கீழே இறங்கவில்லை. படிக்கு நேராக, எங்களுக்கு முதுகைக் காட்டி, மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மதியத்துக்குள் சிவப்பு முழுதும் போயிற்று. எங்கேயும் கறுப்பு ஏறவில்லை. சாம்பல் நிறத்தில் சுத்தமான நெகடிவ். மனைவியிடம் கொடுத்தேன். ஓரங்களைப் பிடித்து வானத்துக்கு எதிரே தூக்கினாள்.

"இதுல எடுக்கப் போற பக்கம் எது?"

காட்டினேன்.

"கண்ணாடியில பாத்தா அந்தப் பக்கம் இருக்காதுங்களே."

வாங்கித் திருப்பிக் கொடுத்தேன், பிலிமின் பளபளப்பில்லாத பக்கம் அவளை நோக்கி இருக்கும்படி. இப்போது இடது கண்ணாடியில் தெரிவதுபோலவே இடதில் இருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"பிரிண்ட் வேண்டாம். நான் கேட்டாப் போடுங்க," என்று என்னிடம் கொடுத்துவிட்டு, சேலத்துக்கு எடுத்துவைத்த துணிப் பெட்டியை மூடக் கீழே போனாள்.

சேலத்திலிருந்து நல்லபடியாகத் திரும்பி வந்தாள். பிரிண்ட் இன்னும் கேட்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் நான் நெகடிவ் இருக்கும் உறையைத் திறந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன்; உள்ளே ஏதாவது தங்கியிருந்தால் இந்நேரம் தெரியத் தொடங்கியிருக்கும். அடுப்படியிலிருந்து அவள் கேட்பாள்.

"அப்படியே இருக்குதுங்களா?"

"அப்படியே இருக்குது."