புகையைப் பார்த்து வாருங்கள்

வந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு வண்டியில் ஐந்து பேர். கிராமத்துத் தலையாரி. கருவேலங்காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி. பஸ்ஸை விட்டு இறங்கி வீடியோ எடுக்க வந்த இரண்டு பேர். எங்கள் தரப்பில் அப்பா, அம்மா, ஏழு மாதக் கர்ப்பிணியான அக்கா, நான். வராதவர்கள் இருவர்: திருப்பூரில் வேலையிலிருந்த மச்சான், நர்ஸம்மா. மச்சானை யாரும் எதிர்பார்க்கவில்லை. நடந்தது அத்தனையும் நர்ஸம்மாவுக்காகத்தான்.

நாங்கள் கரிமூட்டம் போடுகிறவர்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே தீயை விட்டு நாள்கணக்கில் காவல் இருந்தால் கரி கிடைக்கும். ஓரிடத்தில் மரம் தீர்ந்தால் அடுத்த இடம். அந்த வருடம் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள் குடிசை போட்டிருந்தோம். ரேஷன் கார்டு வேறு மாவட்டத்தில் இருந்தது.

அக்காவுக்கு ரத்தம் கம்மி. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாளாக இருக்கும். வெளிமாவட்டக் கார்டு என்பதால், அந்தப் பகுதி நர்ஸ் நேரில் வந்து நாங்கள் குடியிருப்பதைப் பார்த்துப் பதிந்த பிறகுதான் இரும்புச்சத்து ஊசி என்று சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். நர்ஸம்மா நல்லவர். வியாழக்கிழமை வருகிறேன், வீடு எங்கே என்று கேட்டார். தெரு இல்லை, கதவெண் இல்லை, கண்மாய்க்குள் டவரும் கிடைக்காது. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிற வழியைத்தான் அப்பா சொன்னார்.

"புகையப் பாத்து வாங்கம்மா."

அதில் ஒரு சிக்கல். மூட்டம் பற்றவைத்த புதிதில்தான் புகை வெள்ளையாக எழும்பி நிற்கும். பிறகு மெலிந்து நீலமாகிவிடும். பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பற்றவைக்க வேண்டிய மூட்டத்தை அப்பா புதன்கிழமை வரை தள்ளிப்போட்டார். முதலாளி ஏசினார். வியாழன் காலை புகை நன்றாகத்தான் நின்றது. ஆனாலும் அப்பாவுக்குப் போதவில்லை. வருகிற அம்மாவை முள்ளுக்குள் அலையவிடக் கூடாது என்று, மூட்டத்துக்குப் பக்கத்திலேயே பச்சை வேப்பங்குழையை மலையாகக் குவித்துக் கொளுத்தினார். நானும் இரண்டு கட்டுக் குழை ஒடித்துப் போட்டேன். புகை பனைக்கு மேலே போயிற்று.

நரிக்குடி பஸ்ஸில் போன யாரோ போன் செய்துவிட்டார்கள்.

மணி அடித்தபடி சிவப்பு வண்டி கரையேறி வந்தது. அப்பா எதிரே ஓடினார். நர்ஸம்மாதான் பெரிய வண்டியில் வருகிறார் என்று நினைத்தாராம். இறங்கிய அதிகாரி, தீ எங்கே என்று கேட்டார்.

"தீயில்லய்யா. அட்ரஸ்ஸு."

அதிகாரி என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற பொறுப்போடு நான் ஆதியிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அழைப்பு வந்தபின் அணைக்காமல் திரும்ப முடியாது, ரோட்டிலிருந்தே தெரிகிற புகை இது என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாலே, ரோட்டுல இருந்தே தெரியுதாம்."

குழையை அணைத்துவிட்டு மூட்டத்தின் மீதும் குழாயைத் திருப்பினார்கள். மண் கரைந்து ஓடியது. உள்ளே பாதி கரி, பாதி விறகு. கரிக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். குடிசை வாசலில் சாய்ந்திருந்த அக்கா மெதுவாகச் சொன்னாள்:

"ரத்தம் கம்மின்னு சொன்னா, தண்ணி வண்டியக் கொண்டாந்திருக்கீகளேப்பா."

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார்.

மறுநாள் காலை அக்கா எழுந்தவள் அப்படியே மயங்கிச் சாய்ந்தாள். ஆட்டோ பிடித்து, அருப்புக்கோட்டையில் முதலில் கண்ணில்பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, அக்காவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். டவுனில் டவர் கிடைத்ததால் என் போன் அடித்தது. நர்ஸம்மா.

"நேத்து வந்தேன் தம்பி. ரோட்டுல இருந்து புகை நல்லாத் தெரிஞ்சுச்சு. வண்டிய நிறுத்திட்டுக் கண்மாய்க்குள்ள பாதித் தூரம் நடந்திருப்பேன், புகையக் காணோம். முள்ளுக்குள்ளயே சுத்திட்டுத் திரும்பிட்டேன்."

அப்பாவிடம் சொன்னேன். போனைக் காட்டினார்.

"அடுத்த வியாழக்கிழமை வருவாகளான்னு கேளு. வேற மூட்டம் போட்ருவோம்."

நர்ஸம்மா வந்து பதிந்திருந்தால் ஊசி இலவசம். வராமல் போனதில், ஏற்றிய ரத்தம், படுக்கை, ஆட்டோ, நனைந்த மூட்டத்துக்காக முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டது எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது இருபத்தோராயிரத்து நானூறு ரூபாய்.